படம் வருது, சத்தம் வரல

என் அண்ணன் சாகிறதாக இருந்தால் அவன் பாட்டுக்குச் சாகட்டும் என்று அண்ணியிடம் நான் சொன்னது உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் காலங்காத்தால வீட்டு வாசலில் வந்து நின்று, செய்யாத குற்றத்துக்கு ஒருத்தியைக் கூண்டில் ஏற்றினால் அவளும் வாய்க்கு வந்ததைத்தான் பேசுவாள்.

அன்று திங்கட்கிழமை. அண்ணி உள்ளே வரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அண்ணனும் என்று ஆகி ஒன்பது வருஷம். இரண்டு பக்கமும் போய் வருகிற ஒரே ஆள் அண்ணிதான். அவர் வாசல்படியில் நின்று பேசினால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"நேத்து நீ பண்ணின காரியத்துல உங்க அண்ணன் மாத்திரையெல்லாம் ஜன்னல் வழியா வீசிட்டாரு. விடிஞ்சதுலேருந்து செடிக்குள்ள பொறுக்கிட்டு இருக்கேன்."

"நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத. அம்மாவ டிவியில போட்டுக் காட்டினியே. பெரியவன் மண்ணாப் போவான்னு அம்மா சொல்றத. மண்ணாப் போறவனுக்கு மாத்திரை எதுக்குன்னு கேக்கறாரு. நெஞ்சு மாத்திரைம்மா அது. ஒரு நாள் கூட விடக்கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. புரியாதபோது எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அப்போதுதான் மேற்படி வாக்கியத்தைச் சொன்னேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

என் தொழிலைச் சொல்லாமல் மேலே போனால் யாருக்கும் இது விளங்காது. இருபத்தெட்டு வருஷமாக நான் டிவி மெக்கானிக். அதில் முதல் பதினொரு வருஷம் டிவி செய்கிற தொழிற்சாலையில், சேனல் பிடிக்கிற ட்யூனரைச் சரி பார்க்கிற வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தொழிற்சாலையை மூடினார்கள். பிறகு தட்டை டிவி வந்தது. பழைய பெட்டிகளை ஜனங்கள் குப்பைக்கு அனுப்பினார்கள். நான் அவற்றைத் தூக்கி வந்து சரிசெய்து படப்பிடிப்புக்கும் நாடகத்துக்கும் வாடகைக்கு விடுகிறேன். கதை நாற்பது வருஷத்துக்கு முன்னால் நடக்கிறது என்றால் கூடத்தில் ஒரு மரப்பெட்டி டிவி ஓடியாக வேண்டும் அல்லவா.

ஓடுவதுதான் சிக்கல். பெட்டி நன்றாக இருக்கும், ஆனால் வாங்கிக்கொள்ள ஆகாயத்தில் ஒன்றும் கிடையாது. பழைய ஒளிபரப்பை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெட்டியின் முதுகில் ஆன்டெனா வயர் மாட்டுகிற இரண்டு திருகு தவிர வேறு வாசல் இல்லை. அதனால் மாடுலேட்டர் என்று ஒன்று வேண்டும். சோப்புப் பெட்டி அளவு தகர டப்பா. கேமராவிலிருந்தோ டேப் ஓட்டுகிற டெக்கிலிருந்தோ வருகிற படத்தை வாங்கி, பழைய பெட்டிக்குப் புரிகிற மாதிரி நான்காம் சேனலாக மாற்றிக் கொடுக்கும். ஒரே டப்பாவில் ஏழு பெட்டிக்குப் படம் காட்டிவிடுவேன். என்னுடையது வெளிநாட்டுச் சரக்கு. அதில் படம் கண்ணாடி மாதிரி வரும், சத்தம் மட்டும் வராது. அந்த நாட்டுப் பெட்டிகளில் சத்தம் உட்காருகிற இடமும் நம் பெட்டிகளில் உட்காருகிற இடமும் வேறு. இங்கே போட்டால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். படப்பிடிப்புக்காரர்களுக்குப் படம் போதும், சத்தத்தைப் பிறகு அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். அதனால் நான் அதைத் திருத்தவே இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமை நான் என் பெட்டியில் ஓட்டிய, செத்துப்போன அம்மாவின் படம் எப்படி அந்தப் பக்கம் போனது? அண்ணி போன பிறகு அதையே யோசித்தேன். யோசித்து, ஏணியைப் போட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன்.

அப்பா போன பிறகு இந்த வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தோம். கட்டில், பீரோ, அம்மி, கதவுத் தாழ்ப்பாள் வரைக்கும் பிரித்தோம். அப்பா வாங்கிய மடக்குக் கதவு வைத்த டிவிக்குத்தான் பெரிய ரகளை. நான் மெக்கானிக், எனக்குத்தான் வரவேண்டும் என்றேன். "இவ கைல குடுத்தா பிரிச்சு மேஞ்சுடுவா" என்று அண்ணன் தூக்கிக்கொண்டு போனான். தூக்கும்போது அவன் முதுகைப் பார்த்துக் கத்தினேன். "வாரத்துல ஒரு நாள் போட்டு அரை மணி சூடாக்கு. இல்லன்னா செத்துடும். உனக்கெங்க அதெல்லாம் தெரியப்போகுது." அதன் பிறகு அவனும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிரிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று, மொட்டை மாடியில் இருந்த ஆன்டெனா. ஒளிபரப்பே நின்றுபோன பிறகு அது யாருக்கு வேண்டும்? அப்பா அந்தக் கம்பத்தின் அடியில் இரண்டு பட்டை வயரை ஒன்றாக முறுக்கி, ஒன்றைக் கூடத்துக்கும் இன்னொன்றை முன்னறைக்கும் இறக்கியிருந்தார். கூடம் இப்போது என் பக்கம், முன்னறை அவன் பக்கம். புதிதாக வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, என் மாடுலேட்டரை நான் அந்தப் பழைய வயரில்தான் சொருகியிருந்தேன். மூன்று அறையிலும் இருக்கிற என் பெட்டிகளுக்கு அதிலிருந்து போகும். அது மேலே ஏறி, முறுக்கின இடத்தில் திரும்பி, அந்தப் பக்கமும் இறங்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ட்யூனர் வரிசையில் பதினொரு வருஷம் உட்கார்ந்தவள். வெட்கக்கேடு.

ஆக, ஆறேழு மாசமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சோதனைக்கு ஓட்டியதையெல்லாம் அவன் பார்த்திருக்கிறான். வண்ணப் பட்டை, கட்டம் போட்ட படம், யாரோ எடுத்த கடற்கரை. சத்தம் இல்லாமல், பனி விழுகிற மாதிரி புள்ளி புள்ளியாக. அவன் ஏன் அந்தப் பெட்டியைப் போட்டான் என்பது மாடியில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் போட்டுச் சூடாக்கச் சொன்னவள் நான்தான். தெரிந்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. நான் சொன்னதை அவன் கேட்டிருக்கக் கூடாது.

கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்த டேப்பைப் போட்டேன். வாடகைக்குப் போகிற பழைய கேமரா ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அது ஒழுங்காக எடுக்கிறதா என்று பார்க்க, கைக்கெட்டின தூரத்தில் இருந்த அம்மாவைப் பிடித்தேன். அம்மா போவதற்கு மூன்று வாரம் முன்பு. ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் படம் சரியாக இருக்கிறதா என்று ஓட்டினேன். ஸ்பீக்கர் மாட்டவில்லை. இப்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

அம்மா கட்டிலில் தலையணையில் சாய்ந்திருக்கிறாள். என்னைப் பிடிக்காதே, தலை கூட வாரவில்லை என்கிறாள். கேமராவை அந்தப் பக்கம் திருப்பு என்கிறாள். கொஞ்ச நேரம் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு நிமிர்ந்து நேராக லென்ஸைப் பார்த்துச் சொல்கிறாள்.

"என்ன பண்ணப் போறான் பெரியவன்."

அவ்வளவுதான். மண்ணுமில்லை, சாபமுமில்லை. அவனுக்கு அப்போதுதான் வேலை போயிருந்தது, நெஞ்சு வலியும் வந்திருந்தது. பெற்றவளின் கவலை. சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் பார்த்தால் 'ப'வும் 'ம'வும் ஒன்றுதான். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். 'என்ன' என்பதற்கு உதடு அசைவதே இல்லை. 'பண்ணப் போறான்' என்பதைப் புள்ளி விழுந்த படத்தில், தன்மேல் அம்மாவுக்குக் கோபம் என்று ஏற்கனவே நினைத்துக்கொண்டிருக்கிறவன் பார்த்தால் அது 'மண்ணாப் போவான்'தான்.

நியாயமாக நான் அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம், டேப் அங்கே முடியவில்லை.

அடுத்து அம்மா சொல்கிறாள். "அவன ஒரு தடவ வரச் சொல்லேன். பாக்கணும் போல இருக்கு."

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. என் குரல். "சொல்லிட்டேம்மா. வர முடியாதுன்னுட்டான்."

அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். டேப் முடிகிறது.

நான் அவனிடம் சொல்லவில்லை. இதுதான் விஷயம். அம்மா படுத்த முதல் வாரமே அண்ணியிடம் அவன் சொல்லி அனுப்பியிருந்தான். "அம்மா கூப்பிட்டா வரேன். அவ கூப்பிடாம அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்." அம்மா கூப்பிட்டாள். ஒரு தடவை இல்லை. நான் விழுங்கிவிட்டேன். ஒன்றரை வருஷம் அவளைத் தூக்கி உட்கார வைத்தது நான், துடைத்தது நான், ஊட்டியது நான். அவள் வாயைத் திறந்தால் வந்தது பெரியவன். எனக்கு வயிறு எரிந்தது. அவன் வந்து ஐந்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் முகம் மலர்வதை நான் பார்க்க வேண்டுமா என்று இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அப்புறம் நாளைக்கு என்பது இல்லாமல் போனது.

இப்போது என் நிலைமை இப்படி. அந்த டேப்பில் சத்தம் வந்தால் அவன் மாத்திரை சாப்பிடுவான். அதே சத்தம் வந்தால் நான் யார் என்பதும் அவனுக்குத் தெரிந்துபோகும்.

செவ்வாய்க்கிழமை அண்ணியை உள்ளே கூப்பிட்டேன். ஹெட்போனை அவர் காதில் மாட்டி அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் போட்டு, 'பெரியவன்' என்றதும் நிறுத்தினேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"நம்ப மாட்டேங்கறாரு. உனக்கு அவ பாடம் சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்கான்னு என்னையே திட்டறாரு."

"அப்ப அவன வந்து கேக்கச் சொல்லுங்க."

"படி ஏற மாட்டாராம்."

"ஸ்பீக்கர சுவத்து மேல வச்சுப் போடறேன், அங்கேருந்தே கேக்கட்டும்."

அண்ணி ஒரு மாதிரி தயங்கினார். "அதையும் கேட்டேன். கம்பிக்கு அம்மா மாதிரியே பேச வரும், குரல நம்ப முடியாதுங்கறாரு."

கம்பி என்பது எனக்கு அவன் வைத்த பெயர். எப்போதும் கையில் வயரோடு திரிந்ததால். குரல் விஷயத்தில் அவன் சொன்னது வாஸ்தவம். சின்ன வயதில் சமையலறையில் ஒளிந்துகொண்டு அம்மா குரலில், "டேய், கடைக்குப் போயிட்டு வாடா" என்பேன். அவன் வெயிலில் போய்விட்டு வருவான். எத்தனை தடவை ஏமாந்தான் என்று கணக்கே இல்லை.

"முகமும் குரலும் சேந்து வரணுமாம்," என்றார் அண்ணி. "எந்தப் பெட்டியில சொன்னாளோ அந்தப் பெட்டியிலயே சொல்லட்டுங்கறாரு. இல்லன்னா அந்தக் கேமராவையும் டேப்பையும் குடேன், நான் கொண்டு போய்க் காட்டறேன்."

"அது இந்த வீட்ட விட்டு வெளிய போகாது."

முகத்தில் அடித்த மாதிரிதான் சொன்னேன். அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டார். "நேத்து ராத்திரிலேருந்து கால் வீங்கியிருக்கு. நாலு அடி நடந்தா மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்கு வான்னா, மண்ணாப் போறதுக்கு ஆஸ்பத்திரி எதுக்குங்கறாரு. அதையே சொல்லிச் சொல்லி என்னைக் கொல்லறாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துலதான் பொறந்தீங்களா?"

அந்தச் சின்ன டேப்பை ஓட்டுவது அந்தக் கேமரா ஒன்றுதான். வாக்கியத்தை மட்டும் வேறு டேப்பில் ஏற்றிக்கொள்ளலாம் என்றால், பதிவு செய்கிற டெக் படப்பிடிப்புக்குப் போயிருந்தது, வெள்ளிக்கிழமைதான் வரும். வெள்ளிக்கிழமை வரைக்கும் மாத்திரை இல்லாமல் அந்த நெஞ்சு தாங்குமா என்பதை யாரும் எழுதித் தர மாட்டார்கள். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மாடுலேட்டரைத் திருத்துவது. கேமரா என் கையில், பட்டனும் என் கையில். அம்மா 'பெரியவன்' என்று சொன்னதும் நிறுத்திவிடுவது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதானே. மிச்சம் எனக்கும் அம்மாவுக்கும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேஜையைப் பின்பக்க ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். அவன் வீட்டுப் பின் ஜன்னலும் அதே முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. நடுவில் ஆளுயரச் சுவர். டிவியை முன்னறையிலிருந்து அந்த ஜன்னலோரம் நகர்த்தி வைக்கும்படி அண்ணியிடம் சொல்லியிருந்தேன். வயரை அவரே நீட்டிக்கொண்டார்.

மாடுலேட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே சுண்டுவிரல் நக அளவுக்கு ஒரு சின்னச் சுருள் இருக்கும். அதன் நடுவில் கறுப்பாக ஒரு திருகு. அதை வெளியே எடுக்க எடுக்கச் சத்தம் தன் இடத்தை விட்டு நகரும். நம் பெட்டி கேட்கிற இடத்துக்கு வந்ததும் இரைச்சல் போய்ப் பேச்சு வரும். திருப்புவதற்குப் பிளாஸ்டிக் திருப்புளிதான் வேண்டும், இரும்பு பட்டால் எல்லாம் மாறிவிடும். ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்று. என் பக்கத்துப் பெட்டிகள் எல்லாம் உள்ளறைகளில் அடுக்கிக் கிடந்தன. தவிர, காது இருக்க வேண்டியது அந்தப் பெட்டியின் முன்னால். அண்ணியை அங்கே நிற்க வைத்தேன்.

டேப்பை ஓட்டினேன். திருப்பினேன். "எப்படி இருக்கு?"

"இரையுது," என்றார் அண்ணி.

"முன்ன விட அதிகமாவா, கம்மியாவா?"

"இரையுதும்மா."

பின்னுக்கு ஓட்டினேன், திருப்பினேன், போட்டேன், 'பெரியவன்' உதடு மூடுகிற இடத்தில் நிறுத்தினேன். ஐந்து தடவை. அண்ணிக்கு எல்லாம் ஒரே இரைச்சல். எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. "காது இருக்கா இல்லையா அண்ணி உங்களுக்கு" என்று நான் கத்தவும், அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"நீ தள்ளு," என்றான் அண்ணன்.

ஒன்பது வருஷம். குரல் கரகரத்துப்போய், மூச்சுக்கு நடுவில் வந்தது. என்னிடம் சொன்னதல்ல, அண்ணியிடம் சொன்னதுதான்.

நான் போட்டேன். அந்தப் பக்கமிருந்து வந்தது. "இல்ல."

திருப்பினேன். "இல்ல."

"இப்ப?"

"கொஞ்சம் கம்மி."

"கம்மின்னா இரைச்சல் கம்மியா, இல்ல சத்தமே கம்மியா? ஒழுங்கா சொல்லு."

"இரைச்சல் கம்மி. மெக்கானிக்குனு பேரு, ஒரு டப்பாவ திருப்பத் தெரியல."

"பத்து வயசுல ரேடியோவப் பிரிச்சுட்டு மூட்டத் தெரியாம அழுதவன் பேசறான்."

"மூட்டுனது நீ இல்ல, அப்பா."

இப்படியே போனது. முற்றத்தில் வெயில் ஏறியது. அண்ணி இரண்டு பக்கமும் டீ கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை. அவனும் குடித்திருக்க மாட்டான்.

பதினோராவது தடவை அவன் சொன்னான். "இரு. என்னமோ வந்துச்சு. போயிடுச்சு."

பக்கத்தில் வந்துவிட்டேன். ஆனால் சுருள் பழசு. திருகு இறுகிப்போய், திருகோடு சேர்ந்து சுருளே சுற்றிக்கொள்ள ஆரம்பித்தது. சுருளை இடது கை விரலால் பிடித்துக்கொண்டு வலது கையால் திருப்பினால்தான் நிற்கும். கேமராவை நிறுத்த மூன்றாவது கை எனக்கு இல்லை.

"ஏன் பாதியிலயே நிறுத்தி நிறுத்திப் போடற?" என்றான். "ஓட விடு. ஓடினாத்தானே காது பிடிக்கும்."

"அவ்வளவுதான் டேப்பு."

"இல்ல. அன்னிக்கு அதுக்கப்புறம் அம்மா இன்னும் ஏதோ பேசினா. மூஞ்சத் திருப்பிக்கிட்டா. நான் பாத்தேன்."

டப்பா கெட்டுப்போச்சு, இனி வராது என்று சொல்லிவிடலாம். எத்தனையோ வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் மறுகேள்வி கேட்டதில்லை. சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் அவன் இருமினான். விடாமல் இருமினான். அண்ணி "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று கெஞ்சுவது கேட்டது.

டேப்பை முதலிலிருந்து ஓடவிட்டேன். இடது கையால் சுருளைப் பிடித்தேன். கேமராவின் சின்னத் திரையில் அம்மா தலையைத் தடவிக்கொண்டாள். விரலைப் பார்த்தாள். மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன்.

"வருது," என்றான். "வருது, வருது, அங்கயே பிடி."

அவன் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவன் ஜன்னல் வழியாக, முற்றத்தைத் தாண்டி, அம்மாவே வந்தாள்.

"என்ன பண்ணப் போறான் பெரியவன்."

இப்போது நிறுத்த வேண்டும். பட்டன் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சுருளிலிருந்து கையை எடுத்தால் சத்தம் போய்விடும். எடுக்காவிட்டால் என் மானம் போய்விடும். அவனுக்கு வேண்டிய வாக்கியம் கிடைத்தாயிற்று, எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வந்த சிக்னலை விடக்கூடாது என்று இருபத்தெட்டு வருஷமாகப் பழகிய கையா, வேறு ஏதாவதா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கை அப்படியே இருந்தது.

"அவன ஒரு தடவ வரச் சொல்லேன். பாக்கணும் போல இருக்கு."

பிறகு என் குரல். அவ்வளவு தெளிவாக அந்தப் பெட்டியில் நான் எதையும் கேட்டதில்லை.

"சொல்லிட்டேம்மா. வர முடியாதுன்னுட்டான்."

டேப் முடிந்து வெற்று இரைச்சல் ஓடியது. நான் பக்கத்தில் ஏற்றி வைத்திருந்த மெழுகுவர்த்தியைச் சாய்த்து, திருகின் மேல் ஒரு சொட்டு மெழுகு விட்டு, அது அசையாமல் இறுகும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

"மறுபடி போடு," என்றான்.

போட்டேன். முழுக்க ஓடியது.

"மறுபடி."

மூன்றாவது தடவை முடிந்ததும் கூப்பிட்டான்.

"கம்பி."

"சொல்லுண்ணே." அண்ணே என்று வந்துவிட்டது. கடிவாளம் இல்லாத வாய்.

"அம்மா கூப்பிட்டா கேக்கணுமேன்னு இந்த ஜன்னல்கிட்டதான் கட்டிலப் போட்டுப் படுத்திருந்தேன். கடைசி இருபத்திரெண்டு நாளும். இவ ஜன்னல சாத்தினா எழுந்து திறந்து வைப்பேன்."

மன்னிச்சுடு என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதை அவன் காறித் துப்புவான் என்றும் தெரியும். அவன் இடத்தில் இருந்தால் நானும் துப்புவேன். விழுங்கிக்கொண்டேன். விழுங்குவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

அவன் அண்ணியிடம் திரும்பிச் சொல்வது கேட்டது. "அந்த மாத்திரைய எடுத்துட்டு வா. பொறுக்கி வச்சிருப்பியே."

பாத்திரம் உருளுகிற அவசரத்தில் அண்ணி ஓடினார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அவன் விழுங்குகிற சத்தம்கூட எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. அப்புறம் என் ஜன்னலைப் பார்த்து, முதல் தடவையாகக் கரகரப்பில்லாமல் சொன்னான்.

"நான் இப்ப சாகறதா இல்ல. நான் போயிட்டா நீ நிம்மதியா இருப்ப. அது நடக்காது."

ஜன்னல் கதவை அவன் சாத்தவில்லை. அதைக் கவனித்தேன். சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை அண்ணி வந்தார். படியில் நின்றார், உள்ளே வரவில்லை. கால் வீக்கம் குறைந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நன்றி என்று சொல்ல வாயெடுத்து அதையும் சொல்லவில்லை. போகும்போது திரும்பி நின்றார்.

"தெனம் சாயங்காலம் நாலு மணிக்கு அதப் போடணுமாம். முழுசா. சொல்லச் சொன்னாரு."

வெள்ளிக்கிழமை டெக் திரும்பி வந்தது. இப்போது நினைத்தால் அம்மாவின் வாக்கியத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, அதையே ஓட்டலாம். அரை மணி நேர வேலை. செய்யவில்லை. நாலு மணி ஆனதும் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கேமராவைப் போடுகிறேன். அம்மா தலையைத் தடவிக்கொள்கிறாள், பெரியவனைக் கேட்கிறாள். என் குரல் அவன் ஜன்னல் வழியாக என் ஜன்னலுக்குத் திரும்பி வருகிறது. படமும் சத்தமும் நன்றாக வருகின்றன. நான் பாதியில் நிறுத்துவதில்லை.